குமரிக்கடலில் காற்றாலையை மிதக்கவிடலாமா?

"ஸ்காட்லாந்தில் நூறு மீட்டர் ஆழக் கடலில் காற்றாலைகள் மிதந்தபடியே மின்சாரம் தருகின்றன. முப்பந்தலில் வீசும் அதே காற்று குமரிக்கடலிலும் வீசுகிறது. மீனவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், கரையை விட்டுத் தள்ளி நாமும் மிதக்கவிடலாமே, ஏன் செய்யவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மிதக்கும் ஒன்றின் மேல் 250 மீட்டர் உயரக் காற்றாலை கவிழாமல் நிற்குமா? ஸ்காட்லாந்தில் நின்றது நம் கடலிலும் நிற்குமா? தள்ளிப் போனால் மீனவர்களுக்குத் தொந்தரவு இருக்காதா? முதல் கேள்விக்கு ஆம் என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். இரண்டாவதற்கான பதில் எந்த இடம், எந்த ஆழம் என்பதைப் பொறுத்து மாறும். மூன்றாவதற்குப் பதில், தொந்தரவு இருக்கும் என்பதுதான். மிதவை முறை மீனவருக்குக் கூடுதல் இடைஞ்சலாகவும் ஆகக்கூடும். மிதவையும் நங்கூரமும்தான் நான் கணக்குப் போடும் துறை. மீன்வளம் என் துறை அன்று. அந்த இடம் வரும்போது அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கவிழாமல் நிற்பது எப்படி என்பதிலிருந்து தொடங்குகிறேன். மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. முதலாவது, தலையாட்டி பொம்மையின் தத்துவம்: நீண்ட ஓர் உருளையை நட்டுக்குத்தலாக நிறுத்தி, அடியில் ஆயிரக்கணக்கான டன் பாரத்தைப் போட்டுவிட்டால், சாய்த்தாலும் அது நிமிரும். இதை ஸ்பார் என்பார்கள். இரண்டாவது, கட்டுமரத்தின் தத்துவம்: மூன்று நான்கு பெரிய தூண்களை இடைவெளி விட்டு முக்கோணமாகப் பிணைத்தால், ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத் தூண் கூடுதலாக முங்கி, நீர் அதை மேலே தள்ளிவிடும். இது அரைமுங்கு மிதவை. மூன்றாவதில், மிதவையைத் தேவைக்கு அதிகமாக மிதக்கும்படி கட்டி, கடலடியிலிருந்து விறைப்பான வடங்களால் கீழே இழுத்துப் பிடிக்கிறார்கள். பிரான்ஸின் ரோன் ஆற்று முகத்துக்கு எதிரே, 17 கி.மீ. தள்ளி நிற்கும் மூன்று காற்றாலைகள் இந்த இழுவை முறையில் நிற்பவை. மூன்று முறைகளும் கடலில் இயங்கிக் காட்டியாயிற்று.

எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று பாருங்கள். 15 மெகாவாட் காற்றாலையின் சுழல்வட்டம் ஏறக்குறைய 240 மீட்டர். அச்சு கடல்மட்டத்துக்கு மேல் 150 மீட்டர். காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும் விசை உச்சத்தில் சுமார் 250 டன். அது 150 மீட்டர் உயரத்தில் தள்ளுவதால், கவிழ்க்கும் திருப்புவிசை 37,000 டன்-மீட்டருக்கு மேல் போகிறது. இந்த உச்சம் புயலில் வருவதில்லை. நொடிக்கு 11 மீட்டர் அளவில் வீசும் நல்ல காற்றில்தான் வருகிறது. அதற்கு மேல் காற்று கூடினால் இறகுகள் தம்மைத் திருப்பிக்கொண்டு காற்றை நழுவவிடும். ஆகவே சாய்வைப் பொறுத்தவரை மிதவைக்குக் கடினமான நாள், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஒரே சீராக அடிக்கும் சாதாரண ஆடி மாத நாள்தான். அன்று ஐந்தாறு பாகை சாய்ந்தபடி வேலை செய்யும். கொஞ்சம் நீரை ஒரு தூணிலிருந்து இன்னொன்றுக்கு இறைத்து இந்தச் சாய்வைச் சரிக்கட்டும் மிதவைகளும் உண்டு.

இறகு திருப்பும் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. தரையில் ஓடும் காற்றாலையின் கட்டுப்பாட்டு நிரலை அப்படியே மிதவைக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் அடங்குவதற்குப் பதில் வளரும். மிதவை முன்னோக்கிச் சாயும்போது இறகுக்குக் காற்று கூடினதுபோலத் தெரியும். நிரல் உடனே இறகைத் திருப்பித் தள்ளுவிசையைக் குறைக்கும். பிடித்து நிறுத்த வேண்டிய விசை குறைந்ததால் மிதவை இன்னும் முன்னே சாயும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் உந்திவிடுவதைப் போன்றது இது. மிதவையின் இயல்பான ஆட்டத்தைவிட மெதுவாக இறகுகளைத் திருப்பும்படி நிரலை மாற்றுவதும், கோபுரத்தின் வேகத்தை அளந்து அதற்கேற்ப ஈடுசெய்வதும் இதற்குத் தீர்வு. 2009இல் நார்வேயின் கார்மோய் தீவுக்கு அருகே நிறுத்திய 2.3 மெகாவாட் ஹைவிண்ட் சோதனைக் காற்றாலை இந்தக் கணக்கை எல்லாம் கடலில் சரிபார்க்க உதவியது.

நீங்கள் குறிப்பிட்ட ஸ்காட்லாந்துக் காற்றாலைகள் அதன் வாரிசுகள், பெயரும் ஹைவிண்ட்தான். பீட்டர்ஹெட் கரைக்குக் கிழக்கே 95 முதல் 120 மீட்டர் ஆழத்தில், 6 மெகாவாட் வீதம் ஐந்து. 2017 அக்டோபரில் இயங்கத் தொடங்கின. முதல் ஐந்து ஆண்டுகளின் சராசரியாக, முழுத்திறனில் 54 விழுக்காடு மின்சாரம் கொடுத்தன. இது கடல் காற்றாலைகளிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. போர்ச்சுகலின் வியானா டூ காஸ்தெலோ கடலில் 8.4 மெகாவாட் வீதம் மூன்று அரைமுங்கு மிதவைகள் 2020 முதல் நிற்கின்றன. அபர்டீனுக்கு எதிரே கின்கார்டினில் 9.5 மெகாவாட் வீதம் ஐந்து. நார்வேயின் டாம்பென் எண்ணெய்வயல் பகுதியில் பதினொன்று. மிதக்கும், ஓடும், மின்சாரம் தரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உலகம் முழுவதும் எல்லாவற்றையும் கூட்டினாலும் 2024 இறுதியில் 300 மெகாவாட்டைத் தாண்டவில்லை. அதே வேளையில் கடலடியில் தூண் நட்டு நிற்கும் காற்றாலைகள் 80,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தன. தொழில்நுட்பம் நிரூபணமாகிவிட்டது, தொழிலாக இன்னும் நிலைபெறவில்லை.

இனி நம் கடல். ஸ்காட்லாந்தின் ஸ்பார்களை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. அவற்றின் உருளை நீருக்குக் கீழே 78 மீட்டர் இறங்குகிறது. அதை நிமிர்த்தி மேலே காற்றாலையைப் பொருத்த, ஆழமும் வேண்டும், அலையே இல்லாத மறைவும் வேண்டும். நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஆழமான ஓடைகள் இருப்பதால் ஸ்டூர்டு தீவருகே அந்த வேலையை முடித்து, நின்ற வாக்கிலேயே வடகடலைக் கடந்து இழுத்துப் போனார்கள். தமிழகக் கரையில் அப்படி ஓர் இடமும் இல்லை. அதனால் நமக்குப் பொருந்தக்கூடியது அரைமுங்கு வகைதான். வெறுமையாக இருக்கும்போது துறைமுகத்துக்குள் மிதந்து வரக்கூடியது அதுதான்.

அரைமுங்கு வகைக்குத்தான் நம் கடலின் குணம் ஒரு சிக்கலைத் தருகிறது. பொதுவெளியில் உள்ள மாதிரி வடிவமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் மேய்ன் பல்கலைக்கழகம் 15 மெகாவாட்டுக்காக வரைந்தது. எஃகு சுமார் 3,900 டன், பாரமும் காற்றாலையும் சேர்த்து மொத்தம் 20,000 டன், நீருக்குள் 20 மீட்டர். அது மேலும் கீழும் ஒருமுறை ஏறி இறங்க எடுக்கும் இயல்பான நேரம் 20.4 நொடி. வட அட்லாண்டிக்கின் புயல் அலைகள் பெரும்பாலும் 12 முதல் 15 நொடிக்குள் வருபவை. மிதவையின் 20 நொடி அவற்றுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். குமரிக்கடலுக்கு வரும் அலை வேறு. அண்டார்டிகாவை ஒட்டிய தென்பெருங்கடலில் எழும் புயல்களின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, ஓட ஓட நீண்டு, 15 நொடி, 20 நொடி இடைவெளியில் வந்து சேரும். காற்றே இல்லாத நாளில் கடல் ஊருக்குள் ஏறிவருவதைக் கள்ளக்கடல் என்று குமரி, கேரள மீனவர்கள் சொல்கிறார்களே, அந்த அலைதான். மிதவையின் இயல்பு நேரமும் அலையின் நேரமும் ஒன்றையொன்று நெருங்கினால் சிறிய அலையும் பெரிய ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும்.

இதனால் மிதவை கவிழ்ந்துவிடாது. இந்த நீள அலைகளின் உயரம் குறைவு. கெடுவது களைப்பினால்: சங்கிலியின் கணுக்கள், மின்வடத்தின் வளைவுகள், கோபுரத்தின் அடிப்பற்றவைப்பு ஆகியவை 25 ஆண்டுகளில் பத்துக் கோடி முறைக்குமேல் வளைந்து நிமிர்கின்றன, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக வளைந்தால் ஆயுள் பாதியாகிவிடும். தூண்களின் அடியில் அகலத் தட்டுகளைப் பொருத்தியோ, மிதவையை ஆழமாக முங்கவிட்டோ இயல்பு நேரத்தை 24, 25 நொடிக்குத் தள்ளலாம். செய்யக்கூடியதுதான், ஆனால் எஃகு கூடும், துறைமுகத்தில் தேவைப்படும் ஆழமும் கூடும். வெளிநாட்டு மிதவை ஒன்றின் வரைபடத்தை வாங்கி இங்கே கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது ஆழம். இங்கேதான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள். மிதவை என்றால் எந்த ஆழத்திலும் மிதக்குமே என்று தோன்றும். உண்மையில் ஆழம் குறையக் குறைய நங்கூரம் கடினமாகிறது. சங்கிலி தன் எடையால் தொங்கிக் கொடுக்கும் வளைவுதான் மிதவைக்கு வில்கம்பி மாதிரி. மிதவை நகரும்போது தரையில் கிடக்கும் சங்கிலி மெல்ல எழுந்து விசையை வாங்கிக்கொள்கிறது. ஆழம் 50 மீட்டருக்குள் இருந்தால் தொங்கும் நீளமே கொஞ்சம்தான். சங்கிலி சட்டென்று விறைத்து, சொடுக்கிவிட்டதுபோல விசை பாயும். நைலான் போன்ற நீட்சியுள்ள கயிறுகளைச் சேர்த்து இதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். சீனாவில் யாங்ஜியாங் கடலில் 2021இல் சுமார் 30 மீட்டர் ஆழத்திலேயே 5.5 மெகாவாட் காற்றாலையை மிதக்கவிட்டார்கள். ஆனால் அந்த ஆழத்தில் தூண் நட்டால் செலவில் சிறுபங்குதான் ஆகும். ஆகவே 60 மீட்டருக்குக் குறைந்த இடத்தில் மிதவை தேவையற்ற செலவு என்பது என் முடிவு. மன்னார் வளைகுடாவில் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் நடந்த ஆய்வும் அடையாளம் கண்ட மண்டலங்கள் பெரும்பாலும் இந்த ஆழத்துக்குள் வருபவை. ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு முதன்மையான காரணம் இதுதான். அங்கே தூண் நடுவதே சரி.

இந்தியக் கடல் முழுவதற்கும் உலக வங்கி 2019இல் போட்ட கணக்கில் தூண் நடக்கூடிய இடங்கள் 112 ஜிகாவாட், மிதவைக்குரிய ஆழங்கள் 83 ஜிகாவாட். இவை வரைபடத்தில் காற்றையும் ஆழத்தையும் மட்டும் வைத்துப் போட்டவை. கப்பல் தடம், மீன்பிடித் தளம், பாதுகாக்கப்பட்ட பகுதி எதையும் முழுமையாகக் கழிக்காதவை. அந்த எண்ணை மேடையில் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் மிதவைக்கு நம் பக்கம் எங்கே இடம்? குமரி முனைக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும், 60 மீட்டரைத் தாண்டி 200 மீட்டருக்குள் உள்ள கடலில். காற்றைப் பொறுத்தவரை அதைவிடச் சிறந்த இடம் இந்தியாவில் அரிது. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு தென்மேற்குப் பருவக்காற்று அங்கே வேகமெடுக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தலைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். ஆனால் அந்த இடத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: வெட்ஜ் பேங்க். 1976 மார்ச்சில் இலங்கையுடன் செய்த ஏற்பாட்டில் இந்தியாவின் உரிமை உறுதியான, மிகச் செழிப்பான மீன்பிடித் தளம். அதன் அடித்தளத்தில் பார் நிறைய. பாறையும் பவளமும் கலந்த அந்தப் பார்கள்தான் மீனைத் தங்கவைக்கின்றன. அதே பார் நங்கூரத்துக்குப் பகை. சேறும் மணலும் கலந்த தரையில்தான் உறிஞ்சு நங்கூரம் இறங்கும். ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு மிதவையையும் பிடித்திருப்பவை அவைதாம். பாறையில் அது இறங்காது. துளை போட்டுக் குழாய்த்தூணை இறக்கிச் சிமெண்டுக் கலவை நிரப்ப வேண்டும். அதற்குத் தனிக் கப்பல், பல நாள் வேலை, நீருக்குள் பெருஞ்சத்தம். கடலடியை மீட்டருக்கு மீட்டர் அளந்து, மண்ணையும் பாறையையும் துளையிட்டு எடுத்துப் பார்க்காமல் அங்கே ஒரு மிதவைக்கும் விலை சொல்ல முடியாது.

சங்கிலியின் அளவு பலருக்கும் பிடிபடுவதில்லை. நான் சொன்ன மாதிரி வடிவமைப்பு 200 மீட்டர் ஆழத்துக்கானது. மூன்று சங்கிலிகள், ஒவ்வொன்றும் 850 மீட்டர், கணுக்கம்பியின் தடிமன் 185 மில்லிமீட்டர், மீட்டருக்கு 685 கிலோ. ஒரு காற்றாலைக்கு 1,700 டன்னுக்கு மேல். 500 மெகாவாட்டுக்கு 34 காற்றாலை என்றால் சங்கிலி மட்டும் ஏறத்தாழ 59,000 டன், மிதவைகளின் எஃகு 1.3 லட்சம் டன். சூடான நம் நீரில் மேல்முனையிலுள்ள கணுக்கள் வடகடலைவிட வேகமாக அரிக்கும். அதற்கும் சேர்த்துத் தடிமன் கொடுக்க வேண்டும்.

மின்வடம் எனக்கு நங்கூரத்தைவிடக் கவலை தருவது. தூண் காற்றாலையில் வடம் கடலடியில் புதைந்து அசையாமல் கிடக்கும். மிதவையில் அது நீரில் தொங்கிக்கொண்டு மிதவையோடு ஆடுகிறது. நடுவில் மிதப்பு வளையங்களைப் பூட்டி, ஒட்டகத்தின் முதுகுபோல ஒரு மேடு உண்டாக்கி, ஆட்டம் தரையைத் தொடும் இடம்வரை போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வெப்பக் கடலில் கொட்டலசும் மட்டியும் பாசியும் அந்த வளையங்களில் அப்பிக்கொள்ளும். ஓரிரு ஆண்டுகளில் மேடு தாழ்ந்து, வடம் தரையில் உரசத் தொடங்கும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுரண்ட வேண்டும், எந்தப் பருவத்தில் சுரண்ட முடியும் என்பதெல்லாம் இயக்கச் செலவில் வரவேண்டியவை. 66 கிலோவோல்ட் ஆடும் வடங்கள் பழகிவிட்டன. பெரிய பண்ணைக்குத் தேவையான 220 கிலோவோல்ட் ஆடும் வடங்களுக்கு அந்த அளவு கடல் அனுபவம் இன்னும் சேரவில்லை. ஈயக் கவசம் தொடர்ந்து வளைந்தால் விரிசல் விடும். அதற்கு மாற்றாக நெளி செம்புக் கவசத்தைச் சோதித்து வருகிறார்கள்.

கட்டுவதும் பழுதுபார்ப்பதும் எங்கே என்பது அடுத்த கேள்வி. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 14 மீட்டர் அளவுக்கு ஆழம் இருக்கிறது. வெறும் மிதவைக்கு அது போதும். மற்றவை சேர வேண்டும்: 80, 90 மீட்டர் அகல மிதவை இழுவைப் படகுகளோடு பத்திரமாக நுழையும் வாய், சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கு மேல் தாங்கும் படகுத்துறை, 700 டன் எடையை 150 மீட்டருக்கு மேல் தூக்கும் பாரந்தூக்கி, 115 மீட்டர் நீள இறகுகளைக் கிடத்த இடம், கட்டி முடித்த மிதவைகளைக் காத்திருக்க வைக்க மறைவான நீர்ப்பரப்பு. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த, கடல் காற்றாலைகளுக்கான 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் துறைமுகங்களுக்கு 600 கோடி இருக்கிறது. குஜராத், தமிழ்நாடு இரண்டுக்கும் சேர்த்தது அது. தலா 500 மெகாவாட் தூண் காற்றாலைகளை மனத்தில் வைத்தது. மிதவைக்குப் போதாது.

பருவம் இதைவிடப் பெரிய முடிச்சு. இழுத்துப் போய்ச் சங்கிலி கோக்கும் வேலைக்கு அலை ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். குமரிக்கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதை மறந்துவிடலாம். அமைதியான மாதங்கள் என்று கணக்கில் எழுதும் மார்ச் முதல் மே வரையில்தான் கள்ளக்கடலும் வருகிறது. காற்றுக் கணிப்பில் அது தெரியாது, தென்பெருங்கடல் அலைக் கணிப்பைப் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி எவ்வளவு குறுகிய அவகாசத்தில் குமரிக்கு அருகே வலுத்தது என்பதை அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழுது வந்தால் என்ன ஆகும்? தூண் காற்றாலைக்கு அருகே கால் ஊன்றி நிற்கும் கப்பல் போய், பல்லிணைப்பெட்டியையோ மின்னாக்கியையோ மாற்றிவிடும். நூறு மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பல் கால் ஊன்ற முடியாது. மிதவையைக் கழற்றித் துறைமுகத்துக்கு இழுத்துவர வேண்டும். கின்கார்டின் காற்றாலைகளை 2022இலும் 2023இலும் ராட்டர்டாம் வரை இழுத்துப் போனார்கள். 2024 கோடையில் ஹைவிண்டின் ஐந்தையும் நார்வேக்குக் கொண்டுபோய்ப் பெரும் பராமரிப்பு செய்தார்கள். அங்கே காற்று அதிகம் வீசுவது குளிர்காலம், இழுப்பது கோடை, இழப்பு குறைவு. இங்கே ஜூன் முதல் வாரத்தில் ஒரு மின்னாக்கி எரிந்தால், ஆண்டின் பெரும்பங்கு மின்சாரம் தரும் மாதங்கள் முழுவதும் அது சும்மா நிற்கும். வருமானக் கணக்கில் இதைச் சேர்க்காத எந்த அறிக்கையும் பயன்படாது. கோபுரத்தின் மேலேயே ஏறி நிற்கும் சிறு பாரந்தூக்கிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை பழகிவிட்டால் இந்தச் சிக்கல் கணிசமாகத் தளரும்.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். 2011 பேரழிவுக்குப் பின் ஜப்பான் ஃபுகுஷிமா கடலில் 2, 5, 7 மெகாவாட் என மூன்று மிதவைகளையும் ஒரு மிதக்கும் துணைமின்நிலையத்தையும் நிறுத்தியது. 7 மெகாவாட்டின் நீர்ம இயக்கமுறை அடிக்கடி பழுதாகி, கடைசியில் 2021க்குள் எல்லாவற்றையும் கழற்ற நேர்ந்தது. ஜப்பானின் கோத்தோ தீவுத் திட்டம் மிதவைகளில் கண்ட குறைபாட்டால் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. ஹைவிண்ட் நிலைத்ததற்கும் ஃபுகுஷிமாவின் 7 மெகாவாட் தடுமாறியதற்கும் காரணம் கடலில் இல்லை. பழகிய காற்றாலையைப் புதிய மிதவையில் வைத்தவர்கள் பிழைத்தார்கள். காற்றாலையும் புதிது, மிதவையும் புதிது என்று தொடங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். முதல் முயற்சியிலேயே எல்லாம் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

விலைக்கு வருகிறேன். பிரிட்டன் 2024இல் நடத்திய ஏலத்தில் தூண் காற்றாலைகளுக்கு மெகாவாட்-மணிக்கு 54 முதல் 59 பவுண்டு. 400 மெகாவாட் மிதவைத் திட்டமான கிரீன் வோல்ட்டுக்கு 139.93 பவுண்டு. இரண்டும் 2012ஆம் ஆண்டு விலையில் சொன்னவை. பணவீக்கத்தைச் சேர்க்காமலே மிதவை மின்சாரம் யூனிட்டுக்கு 14 ரூபாயைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் தரைக் காற்றாலை மின்சாரம் மூன்று, நான்கு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே 2024இல் பிரான்ஸ் தெற்கு பிரித்தானிக் கடலில் 250 மெகாவாட் மிதவையை மெகாவாட்-மணிக்கு 86.45 யூரோவுக்கு ஒப்பந்தம் செய்ததைக் காட்டி விலை சரிந்துவிட்டது என்பார்கள். அங்கே கரைவரை வரும் மின்வடத்தின் செலவை மின்தொடரமைப்பு நிறுவனமே ஏற்கிறது. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. நம் கடலில் தூண் காற்றாலைக்கே இந்த இழுபறி: தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கான கடலடிக் குத்தகை டெண்டர் 2024 பிப்ரவரியில் வந்து, தேதி தள்ளித் தள்ளிப் போய், 2025இல் ரத்தானது. அந்த நிலையில் இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ள மிதவையில் பணம் போட யாரும் வரமாட்டார்கள். விலை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு இன்று வரும் கணிப்புகள் எல்லாம், ஆயிரக்கணக்கான மெகாவாட் கட்டினால் இறங்கும் என்ற ஊகத்தின் மேல் நிற்பவை.

கடைசியாக, மீனவர்கள். தள்ளிப் போனால் இடைஞ்சல் இல்லை என்பது கரைவலைக்கும் சிறு வள்ளங்களுக்கும் பொருந்தலாம். தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்களுக்கும் வெட்ஜ் பேங்கை நம்பும் தூண்டில்காரர்களுக்கும் பொருந்தாது. அவர்கள் தொழில் செய்யும் இடமே அதுதான். தூண் காற்றாலை கடலடியில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் விட்டத்தில் முடிந்துவிடும். மிதவையின் நங்கூரம் நான் சொன்ன எடுத்துக்காட்டில் மூன்று திசையிலும் 840 மீட்டர் வரை போகிறது. காற்றாலைகளை ஒன்றுக்கொன்று சுழல்வட்டத்தைப்போல் ஏழு மடங்கு தள்ளி வைப்பது வழக்கம். அது 1,680 மீட்டர். அதாவது பக்கத்துப் பக்கத்து மிதவைகளின் நங்கூர வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். இடையில் இழுவலைக்கு வழியே இராது. சங்கிலி மிதவையில் பூட்டியிருக்கும் இடம் நீர்மட்டத்துக்கு 14 மீட்டர் கீழே. நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, மிதந்து வரும் செவுள் வலை இரவில் அதில் மாட்டினால் வலையும் போகும், அறுந்த வலை சங்கிலியில் தொங்கி ஆமையையும் மீனையும் ஆண்டுக்கணக்கில் கொன்றுகொண்டிருக்கும். இதற்கு விடை முற்றிலும் இல்லாமல் இல்லை. ஹைவிண்ட் பகுதிக்குள் 2022இல் ஸ்காட்லாந்து அரசு கூடைப்பொறி, மீன்பொறி, தூண்டில் ஆகியவற்றை வைத்து மீன்பிடித்துச் சோதித்துப் பார்த்தது. நின்ற இடத்தில் வைக்கும் அந்தக் கருவிகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடிந்தது. தூண்டில் தொழிலுக்கு இடம் விட்டு வடிவமைக்கலாம். மிதக்கும் வலைக்கு இடம் விட முடியும் என்று நான் சொல்லமாட்டேன். மிதவையின் நிழலில் மீன் கூடும் என்பது உண்மை. கூடுவது புதிய மீனா, பக்கத்துப் பாரிலிருந்து நகர்ந்து வந்ததா என்பதை மீன்வள ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டும்.

என்னிடம் முடிவு கேட்டால், மன்னார் வளைகுடாவின் முதல் 500 மெகாவாட்டைத் தூண் நட்டே கட்டச் சொல்வேன். தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் கடற்புல் படுகைகளையும் விட்டு விலகி. அந்த வேலை தூத்துக்குடிக்குக் கப்பலையும் ஆளையும் வடம் பதிக்கும் பழக்கத்தையும் கொண்டுவரும். மிதவைக்கும் அவையே வேண்டும். அதே நேரத்தில் குமரி முனைக்குத் தெற்கே நூறு மீட்டர் ஆழத்தில் இரண்டு கருவிகளை மிதக்கவிடலாம்: 200 மீட்டர் உயரம்வரை காற்றை அளக்கும் லேசர்க் கருவி பூட்டிய மிதவை ஒன்று, அலையின் உயரத்தை மட்டுமல்லாமல் இடைவெளியையும் திசையையும் 25 நொடிவரை பதியும் அலைமானி ஒன்று. குறைந்தது இரண்டு முழுப் பருவங்கள். வங்கியும் காப்பீட்டாளரும் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். அலைமானியை எந்தப் பாருக்கு அருகே, எந்த வலைப்பாட்டுக்கு வெளியே நிறுத்துவது என்பதைத் தூத்தூர், சின்னமுட்டம் மீனவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அவர்களைக் கேட்காமல் நிறுத்திய கருவி முதல் மாதமே வலையில் சிக்கி அறுந்துபோகும். கேட்டு நிறுத்தினால், அதற்குக் காவலும் அவர்களே.